ஸ்டீம் கிளீன் ஓவன்: கீழக்கரை உப்புக் காற்றுக்கும் போர் தண்ணீருக்கும் தாங்குமா?

"தண்ணிய ஊத்தி பட்டன அமுக்கிட்டுப் போயிருங்கக்கா, தானா பளபளன்னு ஆயிரும்" என்றுதான் மதுரை ஷோரூமில் விற்பனைப் பையன் சொன்னார். அதில் பாதிதான் உண்மை. ஸ்டீம் கிளீன் என்பது ஓவனின் உட்புறத்தை நீராவியால் சுத்தம் செய்யும் வசதி. அது அழுக்கை ஊறவைத்துத் தரும், துடைக்க வேண்டியது நாம். இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

எங்கள் வீட்டில் ஓவனுக்கு ஓய்வே கிடையாது. நான் கேக் ஆர்டர் எடுக்கிறேன். சாயல்குடி கருப்பட்டி போட்ட கேக்குக்குத்தான் கிராக்கி அதிகம். நோன்பு மாதம் வந்தால் முழுக்கோழி. மச்சான் துபாயிலிருந்து வந்துவிட்டால் முண்டு மிளகாய் மசாலா தடவிய விளமீன் கிரில்லுக்கு ஏறிவிடும். அதனால் பாகு, கொழுப்பு, மீன் எண்ணெய் மூன்றிலும் இதைச் சோதித்துப் பார்த்தாயிற்று.

ஓவன் அடித்தளத்தில் லேசான பள்ளம் ஒன்று இருக்கிறது. டிரே, கம்பித்தட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அதில் 400 மில்லி தண்ணீர் ஊற்றிக் கதவைச் சாத்த வேண்டும். (அளவு மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள்.) அடியில் இருக்கும் சூடேற்றும் கம்பி (காயில்) மட்டும் சூடேறி, அரை மணி நேரத்தில் தண்ணீர் ஆவியாகிறது. ஓவன் முழுதாக ஆறிய பிறகே இதைத் தொடங்க வேண்டும். சுவர் குளிர்ந்திருந்தால்தான் ஆவி அதில் வேர்த்துப் படிந்து பிசுக்கை இளக்கும். சூடான சுவரில் ஆவி நிற்காது. முடிந்ததும் கதவைத் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள்.

கருப்பட்டிப் பாகுக்கு இது பிரமாதம். அச்சு நிரம்பி வழிந்த பாகு அடியில் கண்ணாடிச் சில்லு மாதிரி இறுகிக் கிடக்கும். நீராவிக்குப் பிறகு ஓரம் இளகி, பழுப்பு நீர் கசியத் தொடங்கும். மரக்கரண்டியின் விளிம்பைக் கொடுத்தால் தோலாக உரிந்து வருகிறது. கரியாகும் வரை விட்டுவிட்டால் இந்தச் சுகம் கிடையாது. அன்றைக்குத் தெறித்த கோழிக் கொழுப்பும் ஸ்பாஞ்சில் ஒரு சொட்டு லிக்விட் போட்டுத் துடைத்தால் வந்துவிடும். அதையே துடைக்காமல் அடுத்தடுத்து 220 டிகிரியில் ஏற்றிக்கொண்டிருந்தால் எண்ணெய் கெட்டிப்பட்டு உட்சுவரின் எனாமல் பூச்சோடு ஒட்டிக்கொள்ளும். நூறு டிகிரி ஆவிக்கு அது அசையாது. ஆப்பசோடாவைக் குழைத்துப் பூசி ராத்திரி முழுக்க விட வேண்டியதுதான். கம்பி நார் மட்டும் வேண்டாம், எனாமலில் கீறல் விழும். பைரோலிடிக் என்று விலை கூடிய ரகம் ஒன்று உண்டு. அது 500 டிகிரி பக்கம் சூடேற்றிப் பிசுக்கைச் சாம்பலாக்கிவிடும். இதை அதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மீன் வாடை குறையும், ஆனால் போகாது. வாடை ஒளிந்திருப்பது மேலே கிரில் காயிலில். ஜன்னலைத் திறந்துவைத்து, ஓவனைக் காலியாக 250 டிகிரியில் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் சரியாகிறது.

இனி நம் ஊர்ச் சங்கதிக்கு வருகிறேன். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. கெட்டிலிலும் கீசரிலும் என்ன படிகிறதோ அதேதான் ஓவன் பள்ளத்திலும் படியும். தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலிருக்கும் உப்பும் சுண்ணாம்பும் வெள்ளைத் திட்டாக அடியில் தங்கிவிடும். அதனால் கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். "குடிக்கிற தண்ணிய அடுப்புல ஊத்துறியே" என்று உம்மா முணுமுணுப்பார். இரண்டு டம்ளர்தானே உம்மா! ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடியில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் அவருக்கும் சந்தோஷம். ஏற்கெனவே திட்டு விழுந்திருந்தால் வினிகர் நனைத்த துணியால் தேய்த்து, உடனே நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள். வினிகர் ஊறினால் எனாமல் மங்கும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீராவி விட்டபின் உள்ளே எல்லாமே ஈரம். அப்படியே கதவைச் சாத்தினால் கீல், திருகு எல்லாம் துருப்பிடிக்கும். இங்கே உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே எத்தனை வருஷம் தாங்குகிறது? உலர்ந்த துணியால் துடைத்து, 100 டிகிரியில் பத்து நிமிஷம் ஓட்டி, ஆறும் வரை கதவைத் திறந்தே வைக்கிறேன். கதவு ரப்பரை அழுத்தித் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுத்தால் போதும்.

எனக்குப் பெரிய குறை கதவுதான். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே இறங்கிய எண்ணெய்க் கறையை நீராவி தொடவே தொடாது. என் மாடலில் உள்கண்ணாடியை நாமே கழற்ற முடியாது. சர்வீஸ் ஆள் மதுரையிலிருந்து வர வேண்டும், இன்று நாளை என்றுதான் பதில் வருகிறது.

மற்றதெல்லாம் ஒன்றாக இருந்து, ஸ்டீம் கிளீனுக்குச் சில நூறு ரூபாய்தான் கூடுதல் என்றால் வாங்கலாம். ஆயிரக்கணக்கில் கேட்டால் வேண்டாம். ஏர்வாடியில் என் சாச்சி வீட்டில் இருப்பது பழைய சாதாரண ஓவன். அகல டிரேயில் வெந்நீர் ஊற்றிவைத்து 120 டிகிரியில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டுத் துடைப்பார். என் ஓவனைவிட அது ஒன்றும் அழுக்காக இல்லை. அடுத்த ஓவன் வாங்கும்போது கடையில் நான் முதலில் கேட்கப்போவது, உள்கண்ணாடி கையால் கழன்று வருமா என்பதைத்தான்.