சொகுசுக் கப்பலில் இரண்டு இரவுகள்

வெள்ளி மாலை ஏறி ஞாயிறு காலை இறங்கினோம். முதலில் கேபினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், தூக்கம் கெட்டால் மற்றதெல்லாம் வீண். கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் எடுத்தோம்; அங்கேதான் ஆட்டம் குறைவு, அதோடு நீருக்கடியில் இருபுறமும் துடுப்பு மாதிரி நீளும் ஸ்டெபிலைசர்களும் கப்பல் பக்கவாட்டில் உருளுவதை அடக்கிவிடுவதால், டம்ளரில் இருந்த தண்ணீர் லேசாகச் சாய்ந்து நிமிர்வதைப் பார்த்துத்தான் கடலில் இருக்கிறோம் என்றே தெரிந்தது.

கிளம்பும் முன் பாதுகாப்புப் பயிற்சி. அபாயச் சங்கு ஏழு முறை சின்னதாக, ஒரு முறை நீளமாக ஒலிக்கும். 2012-இல் நடந்த கோஸ்டா கன்கார்டியா என்ற சொகுசுக் கப்பலின் விபத்துக்குப் பிறகு இந்தப் பயிற்சிக்கான விதியை இறுக்கினார்கள், தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள்.

சாப்பாடு தாராளம், ருசி சுமார். எட்டு மணிக்கு பஃபே வரிசை நகரவே இல்லை, அப்புறம் ஒன்பதரைக்குப் போனதும் நிம்மதியாகச் சாப்பிட்டோம். வைஃபைக்குத் தனிக்கட்டணம், அதுவும் ஊர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது விடியற்காலை மேல்தளம்தான். ஆளே இல்லை, கைப்பிடிக் கம்பியில் உப்பு பிசுபிசுக்கிறது, பின்னால் கப்பல் கிழித்துவந்த வெள்ளை நுரைத்தடம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. அதற்காகவே மறுபடி போவேன், ஆனால் மூன்று இரவாவது வேண்டும்.