வத்தல்மலையா, அஞ்செட்டிக் காடா, சித்தேரியா? மலைச் சைக்கிளுக்கு எது சரி?

தடித்த டயர் போட்ட சைக்கிள் ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒகேனக்கல்தான். மலை, காடு, காவிரி மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும்போது வேறென்ன வேண்டும்? சனிக்கிழமை விடியலில் பெங்களூரிலிருந்து ஓசூர் தாண்டி வருகிறவர்களும் அதே வழியைத்தான் பிடிக்கிறார்கள். என் கணக்கு வேறு. காசு கொடுத்து வாங்கிய, அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனுக்கும் முண்டு முண்டான பட்டன் டயருக்கும் உண்மையில் வேலை இருப்பது வத்தல்மலையின் மேல்பக்கத்தில். அடுத்தது அரூர் பக்கத்துச் சித்தேரி மலை. அஞ்செட்டிக் காடு வழியாக ஒகேனக்கல் போகிற வழியை மூன்றாவதாகத்தான் வைப்பேன்.

அழகு என்று மட்டும் பார்த்தால் இந்த வரிசை தலைகீழாகிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஓசூர், தேன்கனிக்கோட்டை மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். ஒகேனக்கல் 300 மீட்டருக்கும் கீழே. இந்த இறக்கத்தை அஞ்செட்டி, நாட்ராபாளையம் வழியாக மேடும் பள்ளமுமாகக் கடக்கிற சாலை மேலகிரி மலைகளுக்கு நடுவே போகிறது. மூங்கில் புதர், ஊஞ்சை மரம், வெயிலில் காய்ந்த பாறை என்று வந்து, காவிரியை நெருங்க நெருங்க நீர்மருது நிழல் தொடங்கும். அந்த நிழலில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்வதற்காகவே அந்த வழியில் போகலாம்.

ஆனால் அது தார்ச் சாலை. தாரை விட்டு இறங்கக் கூடாது. சுற்றியுள்ள காட்டில் பெரும்பகுதி இரண்டு சரணாலயங்களுக்குள் வந்துவிட்டது. காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு சுமார் 500 சதுர கிலோமீட்டர். காவிரி தெற்கு 2022இல் வந்தது, அது 686 சதுர கிலோமீட்டர். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்தின் ஊடாகப் போகும் பொதுச் சாலையில் செல்பவருக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. சாலையிலிருந்து பிரியும் மாட்டுத்தடத்தில் சக்கரத்தைத் திருப்பினால் தேவை. மலையேறப் போனவர்கள் பலியான 2018 குரங்கணி காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளும் வந்துவிட்டன. 2024இல் தொடங்கிய அரசின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் குத்திராயன் சிகரமும் அய்யூர் சாமி ஏரியும் கிடைத்தன. இரண்டும் வழிகாட்டியோடு நடந்து போகிற பாதைகள், சைக்கிளுக்கானவை அல்ல.

ஆக அஞ்செட்டி வழியில் உங்கள் மலைச் சைக்கிள் செய்வதை சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஒரு சாதாரண ஹைப்ரிட் சைக்கிள் இன்னும் சுலபமாகச் செய்யும். பட்டன் டயர் தாரில் ‘கொர்’ரென்று சத்தம் போட்டுக்கொண்டு உங்கள் கால் பலத்தைத் தின்னும், அவ்வளவுதான்.

யானை விஷயம் தனி. இந்தப் பக்கம் ராகி கதிர் பிடிக்கிற நேரத்தில், அக்டோபர், நவம்பர் தொடங்கி, பன்னேர்கட்டா காட்டிலிருந்து கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு வரை வந்துவிடும். ஜனவரி, பிப்ரவரி வரை அங்கேயே சுற்றும். சைக்கிள் ஓட்ட நல்ல குளிரும் அதே மாதங்களில்தான். மோட்டார் சைக்கிள் வந்தால் யானைக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும். சைக்கிளுக்குச் சத்தமே கிடையாது. இறக்கத்தில், வளைவில், காற்று எதிர்த்திசையில் அடிக்கும்போது, நீங்கள் இருபதடிக்குள் வந்த பிறகுதான் அதற்கே தெரியும். சாலையில் கிடக்கும் லத்தி ஈரம் காயாமல் பச்சையாக இருக்கிறதா, ஓரத்து மூங்கில் புதிதாக ஒடிந்து வெள்ளை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள். அப்படித் தெரிந்தால் நின்று, ஒரு பேருந்தோ லாரியோ வரட்டும் என்று காத்திருந்து அதன் பின்னாலேயே போவது நல்லது. காலை ஏழரைக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பின்பும் அந்தச் சாலையில் சைக்கிளுக்கு வேலையே இல்லை என்பது என் கட்சி.

ஆற்றுக்காகத்தான் போகிறீர்கள் என்றால் பிலிகுண்டுலுவில் வினாடிக்கு எத்தனை கன அடி வருகிறது என்று செய்தியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் திறந்துவிட்டால் ஒகேனக்கல்லில் பரிசலும் கிடையாது, குளியலும் கிடையாது. வறுத்த மீன் மட்டும் இருக்கும்.

பென்னாகரத்திலிருந்து இறங்குகிற மலைச் சாலையைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டர், விடுமுறை நாளில் சுற்றுலா வேன்கள் வளைவில் ஒன்றையொன்று முந்தும். ஆடிப்பெருக்கு சமயத்தில் சைக்கிளை அங்கே கொண்டுபோவது வம்பு.

சரி, வத்தல்மலை. தர்மபுரி நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். சாலை போடுவதற்கு முன்னால் மேலே இருப்பவர்கள் மிளகையும் கடுகையும் தலைச்சுமையாகவே இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சரிவு எப்படிப்பட்டது என்று ஏறும்போது தொடை சொல்லும். முன்னால் 32 பல், பின்னால் 51 பல் வரை போகிற கேசட் (பல்சக்கர அடுக்கு) இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். முன்னால் மூன்று பல்சக்கரம் வைத்த பழைய சைக்கிள் என்றாலும் பரவாயில்லை, செயினைச் சின்ன பல்சக்கரத்தில் போட்டுவிட்டு அவசரப்படாமல் மிதியுங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சஸ்பென்ஷனை லாக் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் முன்பக்கம் தலையாட்டிக்கொண்டே வரும்.

ஏற்றத்தோடு திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். மேலே வியூ பாயிண்டில் ஒரு படம், ஒரு டீ, இறக்கம். அங்கேதான் தப்பு நடக்கிறது. உண்மையான மலைச் சைக்கிள் பாதை மேலே போன பிறகுதான் ஆரம்பிக்கிறது. பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு, நாயக்கனூர் என்று சிதறிக் கிடக்கிற ஊர்களுக்கு நடுவே தார் பாதியில் நின்றுபோய் மண் வழிகள் தொடர்கின்றன. ஊர் வழி என்பதால் யாரும் தடுப்பதில்லை. ஒரு பக்கம் சாமை, ராகி வயல், மறுபக்கம் சில்வர் ஓக் நிழலில் காபிச் செடி, அந்த மரங்களிலேயே மிளகுக் கொடி.

அந்த மண் வழி எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் புரியும். நடுவில் மழை அரித்த ஓடை, ஒரு முழ ஆழம். அதன் இரு ஓரமும் டிராக்டர் சக்கரத் தடம், மேலே பூப்போலச் செம்மண், அடியில் கெட்டித் தரை. இறக்கத்தில் வெங்கச்சாங்கல் உருண்டு கிடக்கும். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் கல்லோடு சக்கரமும் உருளும். காபித் தோட்ட ஓரங்களில் சில்வர் ஓக் சருகு கணுக்கால் வரை மூடியிருக்கும். அதன் கீழே கல்லா குழியா என்று தெரியாது, சருகே வழுக்கும். அங்கே உடம்பைப் பின்னால் தள்ளி, முழங்கையைத் தளர்த்தி, சைக்கிள் தானே வழி தேடட்டும் என்று விட்டுவிடுவதுதான் வித்தை. ட்யூப்லெஸ் 2.2 அங்குல டயரில் காற்றை 25 பிஎஸ்ஐ பக்கம் இறக்கிவிட்டால் நன்றாகக் கவ்வும். ட்யூப் போட்டவர்கள் 35க்குக் கீழே போகாதீர்கள். கல்லில் இடித்து ட்யூப் இரண்டு பல் பட்டதுபோல் ஓட்டையாகும். முன் சஸ்பென்ஷன் மட்டும் உள்ள சைக்கிள் போதும். பின்னாலும் சஸ்பென்ஷன் வைத்த விலை உயர்ந்த சைக்கிளுக்கு இங்கே அப்படியொன்றும் வேலையில்லை.

முள் பற்றி ஒரு வார்த்தை. மேலே அவ்வளவு தொந்தரவு இல்லை. அடிவாரத் தரிசில் நெருஞ்சி இருக்கிறது, கரை ஓரங்களில் வேலிகாத்தான். மழை முடிந்த இரண்டு மாதத்தில் நெருஞ்சிக் காய் காய்ந்து தயாராக இருக்கும். டயருக்குள் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் ஊற்றாமல் அந்தத் தரிசில் புகுந்தவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டே பொழுதைக் கழிப்பார்.

இறங்கும்போது பின் பிரேக்கை வளைவுக்கு வளைவு விடாமல் தேய்த்துக்கொண்டு வருவது பலருக்கும் பழக்கம். பாதி மலையில் டிஸ்க் காய்ந்து நாற்றம் அடிக்கும், லீவர் இறங்கிப்போகும். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் விட்டுவிடுங்கள். கேபிளால் இழுக்கிற டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள் நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவிட்டுப் போவது உத்தமம்.

சித்தேரி வத்தல்மலையைவிடப் பெரியது, முரடானது, ஆள் நடமாட்டம் குறைந்தது. அரூரிலிருந்து மலை ஏறவேண்டும். ரயிலில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு மொரப்பூர் நிலையம் அரூருக்குப் பக்கம் என்பது பெரிய வசதி. ஒரே ஊராட்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட மலைக் கிராமங்கள். கலசப்பாடி, அரசநத்தம் பக்கமெல்லாம் சாலை கேட்டே ஒரு தலைமுறை போய்விட்டது. சைக்கிள்காரனுக்குச் சுகமான அதே கரடுமுரடில்தான் அவர்கள் பிரசவத்துக்குப் பெண்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள் என்பது நினைவிருந்தால், ‘ஆஹா, ரோடே இல்லை’ என்று அவர்கள் காதுபடச் சொல்ல வராது. அடிவாரத்தில்தான் வாச்சாத்தி. 1992இல் வனத்துறை, காவல்துறைச் சீருடைக்காரர்கள் அந்த ஊர் மக்கள்மீது நடத்திய வன்கொடுமைக்கு 2011இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தப் பக்கத்தில் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து நிற்கிற அந்நியன், கண்ணாடியைக் கழற்றிவிட்டு ‘அண்ணா, இந்த வழி எங்கே போகுது?’ என்று கேட்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. வழியும் சரியாகக் கிடைக்கும்.

பாதையை மட்டும் வைத்துப் பார்த்தால் சித்தேரி முதலிடத்துக்கே வந்திருக்கும். நான் இரண்டாவதாக வைப்பதற்குக் காரணம் தொலைவு. செயின் அறுந்தாலோ தோள்பட்டை இறங்கினாலோ அரூர் வரை வந்தாக வேண்டும். போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். வத்தல்மலையில் எதுவானாலும் ஒரு மணி நேரத்துக்குள் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி வாசலில் இருக்கலாம். தனியாகப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. மூன்று பேர் சேர்ந்து, செயின் லிங்க்கும் பம்பும் முதலுதவிப் பையும் வைத்துக்கொண்டு போனால் சித்தேரிக்கே போங்கள்.

இன்னும் மண்ணில் ஓட்டிப் பழகாதவர்கள் இந்த மூன்றையும் விட்டுவிட்டுக் கிருஷ்ணகிரி அணைக்குப் பின்னால் தென்பெண்ணைப் பக்கத்து மாந்தோப்பு வழிகளில் நாலு வாரம் சுற்றலாம். சமதளம், நிழல். விழுந்தாலும் உழுத மண்.

மாதம் பார்த்துச் சொல்வதானால், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வத்தல்மலை, சித்தேரி. மார்ச் வந்ததும் சருகு காய்ந்து காட்டுத்தீ பயம் வந்துவிடும், வனத்துறையும் கெடுபிடி காட்டும், அப்போது மாந்தோப்பு. ஜூலை, ஆகஸ்டில் யானைக் கூட்டம் குறைவாக இருக்கையில் பகல் வெளிச்சத்தில் அஞ்செட்டி வழி, ஹைப்ரிட் சைக்கிளில். செப்டம்பர், அக்டோபரில் இங்கே மழை கனக்கும், செம்மண் டயரில் அப்பி ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் இடையில் அடைத்துக்கொள்ளும். அந்த இரண்டு மாதத்தில் சைக்கிளைக் கழற்றி ஹப்புக்கு கிரீஸ் வைத்துவிடுங்கள்.