மின்வெட்டுக்கும் மூடுபனிக்கும் நடுவே ஒரு பழைய திங்க்பேட்: இரண்டரை ஆண்டு அனுபவம்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். 2022 நவம்பரில் இடிமழை பெய்த ஒரு மாலையில் சார்ஜரைக் கழற்ற மறந்த ஒரே தவறினால் என் பழைய மடிக்கணினியின் தாய்ப்பலகை எரிந்து போனது. அடுத்ததை வாங்க 2023 ஜனவரியில் என் கையிலிருந்தது சீட்டுப் பணம் 130,000 ரூபா. முந்தைய ஆண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர் மே மாதத்திற்குள் 360 ரூபாவை எட்டிவிட்டதால், ஒரு காலத்தில் நல்ல புதுக் கணினியே கிடைத்திருக்கக்கூடிய அந்தத் தொகைக்கு என்னதான் கிடைக்கும் என்ற கவலையுடனேயே தேடத் தொடங்கினேன்.

எனக்கு வேண்டியவற்றை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அப்போது நாளாந்தம் இரண்டு மணி இருபது நிமிட மின்வெட்டு இருந்தது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் அந்தக் கணக்கும் பொய்த்துவிடும். ஆகவே மின்சாரம் இல்லாமல் ஐந்து மணி நேரமாவது ஓட வேண்டும். பேருந்திலிருந்து இறங்கித் தேயிலைமலை வழியாக இருபது நிமிடம் ஏறி நடப்பவள் என்பதால் பாரம் கூடக் கூடாது. தவணைப் பரீட்சை வினாத்தாள்களைத் தமிழில் தட்டச்சுச் செய்வதே பெரும்பகுதி வேலை என்பதால் விசைப்பலகை நன்றாக இருக்க வேண்டும். சூம் வகுப்பும் வேர்ட் கோப்பும் பத்துப் பன்னிரண்டு இணையப் பக்கங்களும் ஒன்றாகத் திறந்திருந்தாலும் திணறக் கூடாது. விளையாட்டு, வீடியோ தொகுப்பு எதுவும் என் பட்டியலில் இல்லை.

அந்த விலைக்குள் கடைகளில் காட்டப்பட்ட புதிய கணினிகள் பெரும்பாலும் செலரோன் என்ற வேகம் குறைந்த செயலியும், பலகையோடு ஒட்டப்பட்ட 4 ஜீபி ரெம்மும் (தற்காலிக நினைவகம்) கொண்டவை. நாளை போதாமல் போனால் கூட்டிக்கொள்ளவும் வழியில்லை. ‘புதுப்பெட்டி’ என்ற ஒரே காரணத்துக்காக அதை வாங்குவதைவிட, பெரிய நிறுவனங்களின் அலுவலகங்களில் மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டு வரும் திங்க்பேட், லட்டிடியூட், எலைட்புக் போன்ற அலுவலக மடிக்கணினி வகைகளில் ஒன்றைத் தேடுவது என்று முடிவு செய்தேன்.

இங்கேதான் ஏமாறக்கூடிய இடம் இருக்கிறது. கண்டியில் ஏறிய முதல் கடையில், “ஐ7 டீச்சர், இந்த விலைக்கு எங்கயும் கிடைக்காது,” என்று ஒன்றை எடுத்து வைத்தார்கள். திறந்து பார்த்தால் இன்டெலின் ஐ7-7600யூ செயலி, அதாவது ஏழாம் தலைமுறை. அதற்கு இருப்பது இரண்டே கோர்கள் (கணக்குகளைச் செய்யும் அலகுகள்). அடுத்த தலைமுறையின் சாதாரண ஐ5-8250யூ செயலிக்கோ நான்கு கோர்கள். ஐ5, ஐ7 என்ற பெயரைவிட, கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் இலக்கமே முக்கியம் என்பதை அன்று நேரில் கண்டேன். இன்னொரு காரணமும் இருந்தது: விண்டோஸ் 11 ஆதரிக்கும் செயலிகள் என்று மைக்ரோசொப்ட் வெளியிட்ட பட்டியலில் இன்டெல் செயலிகள், ஒன்றிரண்டு விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்தே இடம்பெறுகின்றன. விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிகிறது என்பதும் அப்போதே அறிவிக்கப்பட்டிருந்ததால், ஏழாம் தலைமுறையை வாங்கியிருந்தால் மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடியும் இதே அலைச்சல்தான்.

கடைசியில் பம்பலப்பிட்டியில் 128,000 ரூபாவுக்கு 2018இல் வெளிவந்த திங்க்பேட் டி480 ஒன்றை வாங்கினேன். ஐ5-8350யூ, 8 ஜீபி ரெம், 256 ஜீபி எஸ்.எஸ்.டி. சேமிப்பகம், 14 அங்குல முழு எச்.டி. திரை. அதற்குப் பின்னர் வந்த டி490 பார்வைக்கு மெல்லியது, ஆனால் அதில் ரெம்மின் ஒரு பகுதி பலகையோடு ஒட்டியிருக்கும், பட்டரியையும் வெளியிலிருந்து கழற்ற முடியாது. டி480இல் ரெம்முக்கு இரண்டு இடங்கள் இருப்பதோடு, 24 வொட்-மணி (பட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) உட்பட்டரி ஒன்றும், பின்னால் கழற்றி மாட்டக்கூடிய இன்னொன்றும் இருக்கின்றன. எனக்கு வேண்டியது இதுதான்.

பணம் கொடுக்குமுன் கடையிலேயே இரண்டு காரியங்கள் செய்தேன். கணினியை இயக்கிய உடனே எஃப்1 விசையை அழுத்தி, பயோஸ் (விண்டோஸுக்கு முன்னரே இயங்கும் அடிப்படை மென்பொருள்) கடவுச்சொல் கேட்கிறதா என்று பார்த்தேன், ஏனெனில் பழைய அலுவலகத்தின் பூட்டு அப்படியே இருந்தால் பின்னர் திறப்பது பெரும்பாடு. பிறகு விண்டோஸின் பட்டரி அறிக்கையை எடுக்கச் செய்தேன். உட்பட்டரியில் 24இற்கு 19உம், பின்பட்டரியில் 48இற்கு 31உம் மீந்திருந்தன. மொத்தம் 50 வொட்-மணி. திரை வெளிச்சத்தைக் குறைத்துத் தட்டச்சு மட்டும் செய்தால் மணிக்கு 8 வொட்-மணி அளவில்தான் செலவாகிறது, எனவே ஆறு மணி நேரம். இந்தக் கணக்கு முதல் ஆண்டு முழுவதும் ஏறக்குறையச் சரியாகவே இருந்தது.

இந்தக் கணினி பின்பட்டரியை முதலில் தீர்த்துவிட்டே உட்பட்டரிக்கு வருகிறது. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னதைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். முதல் தடவை அப்படிச் செய்தபோது, மூடாத வினாத்தாள் கோப்பைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு தாழ்களையும் தள்ளினேன். திரை ஒரு கணமும் மங்கவில்லை.

2024இல் உதிரியாக ஒரு பின்பட்டரி வாங்கப் போய் நன்றாக ஏமாந்தேன். 72 வொட்-மணி என்று அச்சிட்ட ஒன்றை 11,000 ரூபாவுக்குத் தந்தார்கள். கையில் எடுத்தபோது பழையதைவிட எடை கூடவில்லை என்பதை அப்போதே சந்தேகித்திருக்க வேண்டும். பட்டரி அறிக்கையும் 72 என்றே காட்டியது. ஆனால் மூன்றாம் வாரத்திலிருந்து 38 வீதம் இருக்கும்போதே ஒரேயடியாகச் சுழியத்துக்கு விழத் தொடங்கியது. உட்பட்டரி தாங்கிக்கொண்டதால் வகுப்பு அறுபடவில்லை. அதை ஒதுக்கிவிட்டு, வேறு கடையில் ஆறு மாத உத்தரவாதத்தோடு 18,500 ரூபாவுக்கு வாங்கிய பட்டரிதான் இன்றும் ஓடுகிறது. பின்பட்டரி கீழே புடைத்திருப்பதால் கணினியின் பின்பக்கம் சற்று உயர்ந்து நிற்கும். தட்டச்சுக்கு அது வசதி, பைக்குள் வைக்கத்தான் தொல்லை. எடையும் குறைவில்லை, மலையேறும்போது தெரிகிறது.

இந்த ஏற்பாட்டின் அருமை 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததால் நாடே இருளில் மூழ்கிய நாள் அது. (குரங்குத் தொல்லை தோட்டக்காரருக்குப் புதிதல்ல, நாடு முழுவதற்கும் ஒரே குரங்கு என்பதுதான் புதிது.) மறுநாள் கொடுக்க வேண்டிய தரம் 9 வினாத்தாளை அன்று பொழுது சாயும்வரை இருந்து முடித்தேன். அடுத்த இரு நாட்களும் நுரைச்சோலை அனல்மின் நிலைய இயந்திரங்கள் நின்றதால் ஒன்றரை மணி நேர மின்வெட்டு வந்தது. அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

எங்கள் குளிரில் இதன் விசிறி சுற்றும் சத்தத்தை நான் கேட்பது அபூர்வம். கொழும்பில் ஒரு பயிற்சிப் பட்டறைக்குக் கொண்டுபோன அன்று, அதே கணினி அதே வேலைக்கு நாள் முழுவதும் இரைந்தது. ஆனால் குளிரோடு ஈரமும் வருகிறது. மழையில் நடந்து வந்து பையிலிருந்து எடுத்த கணினியை, அடுப்பு எரியும் வீட்டுக்குள் உடனே திறந்தால், மூடியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படிவதை விரலால் தொட்டுப் பார்க்கலாம். அரை மணி நேரம் அப்படியே வைத்த பிறகே இயக்குகிறேன். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு எப்போதும் கிடக்கும். இடி கேட்டால் சார்ஜரைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுவேன், ஒருமுறை பட்டது போதும்.

விசைப்பலகையைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பழைய வினாத்தாள்கள் எல்லாம் யுனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருப்பதால், அவற்றை யுனிகோடுக்கு மாற்றிவிட்டு, மாற்றத்தில் கெட்டுப்போன எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திருத்துவது மணிக்கணக்கான வேலை. விசைகள் ஆழமாக அமிழ்ந்து எழுவதால் விரல் வலிப்பதில்லை. திரை அப்படியல்ல. 250 நிட்ஸ் வெளிச்சம் வெயில் நேரத்தில் யன்னலோரம் போதாது. இதே மாதிரியில் 1366க்கு 768 திரையோடும் சில விற்பனைக்கு வருகின்றன, விலை குறைவாக இருந்தாலும் அதைத் தொட வேண்டாம். வகுப்பறை புரொஜெக்டரில் பழைய வீ.ஜீ.ஏ. இணைப்பு மட்டும்தான், இதில் அது இல்லை, எச்.டி.எம்.ஐ.தான் இருக்கிறது, எனவே 1,800 ரூபாவுக்கு ஒரு மாற்றி.

இந்த மாதிரிக்கு தண்டர்போல்ட் (அதிவேக யூ.எஸ்.பி.-சி இணைப்பு) சார்ந்த ஃபேர்ம்வெயார் (சாதனத்துக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) இற்றைப்படுத்தல் ஒன்று முன்பே வெளியாகியிருந்தது. பழையதாக வாங்குபவர்கள் யூ.எஸ்.பி.-சி வழியாகச் சார்ஜ் ஏற்றத் தொடங்குமுன் அதைச் செய்துவிடுவது நல்லது. 9,000 ரூபாவுக்கு இன்னொரு 8 ஜீபி ரெம்மை நானே திறந்து போட்டேன். கீழ் மூடியின் திருகுகள் முழுவதும் கழன்று விழாமல் மூடியிலேயே நிற்கும் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. கடந்த மாதம் விண்டோஸ் 11இற்கும் மாறிவிட்டேன். ஒரு பிற்பகல் போனது, டேட்டாவும் நிறையவே போனது.

ஏமாந்த 11,000 ரூபாவையும் சேர்த்து, இதுவரை மொத்தம் 168,300 ரூபா செலவாகியிருக்கிறது. முதலில் நினைத்த தொகையை 38,300 ரூபா மீறியாயிற்று. ஆனால் அந்த மிகுதி ஒரே நாளில் அல்லாமல் இரண்டரை ஆண்டில் சிறுகச் சிறுகப் போனதால் என் சம்பளம் தாங்கியது. அடுத்த செலவு உட்பட்டரிக்குத்தான். போன கிழமை எடுத்த அறிக்கையில் அது 13 வொட்-மணிக்கு இறங்கியிருக்கிறது.