ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் ஒரு சுருட்டு

ஓர் அகராதியின் தரத்தை அறிய, நன்கு பழகிய ஒரு சொல்லை அதில் தேடிப் பார்ப்பது என் வழக்கம். ஹென்றி யூலும் ஆர்தர் பர்னெலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன், இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களுக்கான அகராதி. அதில் நான் தேடிய சொல் 'செரூட்'. இன்றைய ஆங்கிலத்தில் அருகிவிட்ட அச்சொல் நம்முடைய சுருட்டேதான்.

பொதுவாகப் புகையிலைச் சுருட்டு என்றும், சிறப்பாக இரு முனையும் வெட்டப்பட்ட சுருட்டு என்றும் பொருள் தந்துவிட்டு, இது தமிழிலிருந்து வந்த சொல் என்று அகராதி தெளிவாகச் சொல்கிறது. திருச்சிராப்பள்ளிச் சுருட்டுக்கு 'டிரிச்சி', கோதாவரிப் படுகைச் சுருட்டுக்கு 'லங்கா' என்று வணிகப் பெயர்கள் இருந்ததையும் குறிக்கிறது.

ஆனால் இந்நூலின் உண்மையான செல்வம், ஆண்டு வரிசையில் அடுக்கப்பட்ட மேற்கோள்கள்தான். 1781-இல் ஒருவர் 'செருட்' என்று எழுதுகிறார். 1792-இல் சென்னைப் பத்திரிகை ஒன்றில் அதுவே 'சிரூட்' ஆகிறது. 'சு' என்ற குறிலை ஆங்கிலச் செவி உறுதியாகப் பிடிக்க முடியாமல் எகரத்துக்கும் இகரத்துக்கும் இடையே தடுமாறியதை இவ்விரண்டு எழுத்துக்கூட்டல்களும் காட்டுகின்றன. சொல்லின் ஈற்றிலுள்ள குற்றியலுகரமோ அவர்கள் காதில் விழவே இல்லை போலும். 1669-ஆம் ஆண்டின் 'செரூட்டா' என்ற வடிவில் மட்டும் அது அகரமாக மாறித் தங்கியிருக்கிறது என்று கருதுகிறேன்.

அந்த 1669 என்ற ஆண்டு முதற்பதிப்பாசிரியர்கள் தந்ததன்று. அவர்கள் அறிந்த மிகப் பழைய சொல்லாட்சி, சுமார் 1725-இல் வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையில் வருவது. 1903-இல் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்த வில்லியம் குரூக், மூலத்தில் கை வைக்காமல், முந்தைய ஆண்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் சேர்த்தார். யார் எதைச் சொன்னார் என்பது வாசகருக்கு ஒரு பார்வையில் விளங்கும் இந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் இப்பதிப்பைக் கட்டணமின்றிப் படிக்கலாம். சொல்லாய்வில் ஈடுபாடுள்ள எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். எனக்கு உள்ள குறை ஒன்றே. தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில் மட்டுமே உள்ளன. ஆகவே, வீரமாமுனிவர் தமிழில் எழுதிய 'புகையிலைச் சுருட்டு' என்ற தொடரைக்கூட எழுத்து எழுத்தாக மீட்டெடுத்தே படிக்க வேண்டியிருந்தது.