25 பேருக்கு பேக்டு ஜிட்டி: ஆறு வருட அனுபவம்

நியூஜெர்சிக்கு வந்த முதல் குளிர்காலத்தில், பக்கத்து வீட்டு இத்தாலியப் பாட்டி ஒரு டிரே பேக்டு ஜிட்டி கொண்டுவந்து தந்தார், ஜிட்டி என்கிற குழாய் வடிவ பாஸ்தாவை சாஸ், சீஸோடு ஓவனில் சுடுவதுதான் அது. தெற்கு இத்தாலியில் கல்யாண விருந்துக்குச் செய்கிற பாஸ்தாவாம் இது, பேரே மணமக்களைக் குறிக்கிற சொல்லில் இருந்து வந்ததுதான். அன்றிலிருந்து பாட்லக் (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருகிற விருந்து), பிறந்தநாள், தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழா எதுவானாலும் என் பங்கு இதுதான்.

என் அளவு: 454 கிராம் ஜிட்டி பெட்டி மூன்று, 794 கிராம் நசுக்கிய தக்காளி டின் நான்கு, 425 கிராம் ரிகோட்டா சீஸ் டப்பா மூன்று, மோட்சரெல்லா சீஸ் 900 கிராம். ஜிட்டி கிடைக்காத நாளில் பென்னே பாஸ்தா போடுவேன், பெரிய வித்தியாசம் தெரியாது.

முதல் இரண்டு வருடம் எனக்கு வந்த ஒரே புகார், காய்ந்து போயிருக்கிறது என்பது. காரணம் எளிது. பாஸ்தாவை முழுசாக வேகவைத்தேன், அது ஓவனுக்குள் போய் சாஸையும் குடித்துவிட்டது. இப்போது பெட்டியில் போட்ட நேரத்துக்கு மூன்று நிமிடம் முன்னாலேயே வடித்துவிடுகிறேன், கடித்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். சாஸ் கொஞ்சம் அதிகமோ என்று பயப்படுகிற அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும், கூடவே இரண்டு கரண்டி பாஸ்தா வேகவைத்த தண்ணீரும். கலக்கும்போது ரசம் மாதிரி இருக்கிறதே என்று தோன்றும், கவலை வேண்டாம்.

எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் சைவம். அதனால் இறைச்சி போடுவதில்லை, அதற்குப் பதில் ஒரு ஸ்பூன் சோம்பை வறுத்துப் பொடித்து, மிளகாய்த் துகளோடு எண்ணெயில் போட்டுத் தாளிக்கிறேன். இத்தாலியன் சாசேஜுக்கு அந்த வாசனையைத் தருவதே சோம்புதான், வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. பார்மேசான் சீஸ் வாங்கும்போது கவனம்: அசல் இத்தாலியப் பார்மிஜானோவில் பாலைத் திரிய வைக்க, கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னட் சேர்க்கிறார்கள். சைவக்காரர்களுக்கு என்றால் மைக்ரோபியல் ரென்னட் (நுண்ணுயிரிகளிலிருந்து எடுப்பது) என்று லேபிளில் போட்டதைத்தான் வாங்க வேண்டும். அப்புறம், துருவியே விற்கிற மோட்சரெல்லாவில் ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள், உருகினால் இழுபடாது. கட்டியாக வாங்கி வீட்டிலேயே துருவுங்கள்.

டிரே விஷயத்துக்கு வருகிறேன். முழு அளவு அலுமினிய டிரேயில் எல்லாம் சேர்ந்து 8 கிலோ வந்துவிடும். ஒரு தீபாவளிக்கு அதை வெறும் கையுறையோடு தூக்கினேன், நடுவில் மடங்கி, சூடான சாஸ் மணிக்கட்டில் கொட்டியது, தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து அடியில் ஒரு கனமான பேக்கிங் தட்டு இல்லாமல் ஓவன் பக்கமே போவதில்லை. கார் டிக்கியில் வைப்பதும் அந்தத் தட்டோடுதான்.

375 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஃபாயில் மூடி 45 நிமிடம், திறந்து இன்னொரு 15 நிமிடம். ஓரங்களில் சாஸ் கொதித்து, மேலே பழுப்புப் புள்ளிகள் வர வேண்டும். முந்தின நாளே அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்ததென்றால் மூடி வைக்கிற நேரத்தை அரைமணி கூட்டுங்கள். எடுத்ததும் வெட்டினால் குழைந்து ஓடும், கால்மணி நேரமாவது ஆறட்டும். எங்கள் வீட்டில் அந்தக் கால்மணி நேரமும் பிள்ளைகள் டிரேயைச் சுற்றியே நிற்பார்கள், மொறுமொறுப்பான நான்கு மூலைகளும் யாருக்கு என்று பேசிக்கொண்டு.