தைராய்டு உள்ளவர்கள் வீட்டில் இந்தக் கடற்பாசி கேப்ஸ்யூல் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்

அம்மாவுக்குப் பதினோரு வருடமாகத் தைராய்டு குறைவு. விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை, அரை மணி நேரம் கழித்துதான் காபி. ஒரு நாளும் தவறியதில்லை.

பொங்கல் முடிந்து அண்ணா நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இயற்கைப் பொருள் கண்காட்சி போட்டிருந்தார்கள். அங்கே ஒரு கடையில் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். "தைராய்டுன்னா அயோடின் குறைச்சல்தாம்மா. ராமேஸ்வரம் கடல்ல எடுத்த கெல்ப்ங்கிற கடற்பாசி இது, தினம் ரெண்டு போடுங்க. மூணு மாசத்துல மாத்திரையையே விட்டுடலாம்." அறுபது கேப்ஸ்யூல் 1,800 ரூபாய். நல்லவேளை, அம்மா மாத்திரையை விடவில்லை. இதையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

ஒரு மாதத்தில் முகம் வீங்கியது, மலச்சிக்கல், மத்தியானமெல்லாம் தூக்கம். கடைக்காரருக்கு ஃபோன் செய்தால், "கழிவு வெளியேறுது, அப்படித்தான் இருக்கும். இன்னொரு டப்பா வாங்குங்க" என்றார். ரத்தப் பரிசோதனையில், தைராய்டு குறையக் குறைய ஏறும் டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோன் அளவு 3இலிருந்து 19 ஆகியிருந்தது.

டப்பாவைப் பார்த்ததும் டாக்டருக்குக் கோபமே வந்துவிட்டது. அயோடின் கலந்த உப்பு சாப்பிடும் நம் ஊரில், பெரும்பாலானவர்களுக்குத் தைராய்டு குறைவதற்குக் காரணம் அயோடின் பற்றாக்குறை இல்லை; உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குவதுதான். அப்படிப் பழுதான சுரப்பியில் அயோடினைக் கொட்டினால், மிச்சமிருக்கும் வேலையையும் அது நிறுத்திவிடும். ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். உலர்ந்த கெல்ப் ஒரே கிராமில் 1,000 மைக்ரோகிராமுக்கு மேலும் இருக்கலாம், பாசிக்குப் பாசி அளவு மாறும். அந்த டப்பாவில் அயோடின் எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம் இருக்க வேண்டும்; அதில் 11தான் இருந்தது.

இன்னொரு பொய்யும் இருக்கிறது. கெல்ப் குளிர்ந்த கடலில் வளரும் ஒரு பழுப்புப் பாசி. ராமேஸ்வரம் பக்கம் அது கிடையாது. அங்கே கிடைக்கும் பழுப்புப் பாசிகள் கட்டக்கோரை, பக்கோடா பாசி போன்றவை. ஆக, உள்ளே இருப்பது கெல்ப் என்றால் அது ராமேஸ்வரத்துப் பாசி இல்லை, ராமேஸ்வரத்துப் பாசி என்றால் அது கெல்ப் இல்லை. எதைத் தின்றார் என் அம்மா?

கடற்பாசியே கெட்டது என்று சொல்லவில்லை. பழுப்புப் பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்தான் சில நெஞ்செரிச்சல் சிரப்புகளில் இருக்கிறது. வயிற்றில் அமிலத்தின் மேல் ஒரு படலமாக மிதந்து, அது மேலே ஏறாமல் தடுக்கும். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் எத்தனையோ பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுத்துத்தான் குடும்பம் நடத்துகிறார்கள். அவர்கள் உழைப்பின் பெயரைச் சொல்லி இப்படி விற்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், டாக்டரைக் கேட்காமல் இந்த மாதிரி கேப்ஸ்யூலைத் தொடவே வேண்டாம். பழுப்புப் பாசியில் உள்ள ஃபுகாய்டனுக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் தன்மை உண்டு.

கேப்ஸ்யூலை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. டிஎஸ்ஹெச் 6க்கு இறங்கியிருக்கிறது, முக வீக்கமும் வடிந்துவிட்டது. பணம் திரும்பவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது வாங்கியிருந்தால் பில்லையும் டப்பாவையும் தூக்கிப் போடாமல் நீங்களும் அதே எண்ணில் சொல்லுங்கள்.