போர் தண்ணி, எண்ணெய், ஸ்பிரிட், பேட்டரி தண்ணி: பழைய ரெக்கார்டு துடைக்க எது ஆகும், எது ஆகாது

எங்க மாமா களக்காடு பக்கம் மைக்செட் வச்சிருந்தாவ. கோயில் கொடை, சடங்கு வீடு, கல்யாண வீடுன்னு குழாய் கட்டி பாட்டு போட்ட காலத்து ரெக்கார்டு ரெண்டு டிரங்கு பெட்டி நிறைய மச்சுல கெடந்து, போன வருசம் எங்கிட்ட வந்துச்சு. தெறந்தா புழுதி, பூஞ்சை, கைரேகை, எண்ணெய் பிசுக்கு எல்லாம் ஒண்ணாக் கெடக்கு. எதை வச்சு துடைக்கன்னு தெரிஞ்சவங்ககிட்ட கேட்டா ஆளுக்கு ஒரு சாமான் சொல்லுதாங்க, எல்லாமே அடுக்களையிலயும் அலமாரிலயும் இருக்குற சாமான்தான். சரின்னு கீறல் விழுந்து முள்ளு குதிக்கிற, இனி எதுக்கும் ஆகாதுங்கிற தட்டுகளை மட்டும் தனியா எடுத்து வச்சு ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தேன். இதை எழுதுததுக்கு காரணம், இப்படி ஒரு பெட்டி நம்ம பக்கம் இன்னும் எத்தனையோ வீட்டுல கெடக்கும், துடைக்கேன்னு ஆசையா எடுத்துதான் அதை கொன்னுருதாங்க.

எந்த சாமானை எடுக்கலாம்னு பாக்குததுக்கு முன்னாடி கைல இருக்குற தட்டு எதுல செஞ்சதுன்னு பாத்துக்கிடணும். கனமா, மண்ணோடு மாதிரி கீழ விழுந்தா தெறிச்சு உடையற, ஒரு பக்கத்துக்கு மூணு நிமிசமே ஓடற, நிமிசத்துக்கு 78 சுத்து சுத்துற தட்டு அரக்கு. நம்ம ஊருக்கு வந்ததுல பெரும்பாலும் கல்கத்தா டம்டம்ல அடிச்சது, அரக்குல கல்லுப்பொடியும் கரிப்பொடியும் கலந்து அழுத்துனது. லேசா வளையற, ரொம்ப நேரம் ஓடற பெரிய தட்டான எல்.பி, சின்ன 45 சுத்து தட்டு எல்லாம் வினைல், அதாவது பிவிசி சேர்ந்த பிளாஸ்டிக். அமெரிக்காவுல எல்.பி வந்தது 1948, 45 வந்தது 1949. முள்ளு ஓடுத வரியத்தான் பள்ளம்னு சொல்லுதேன், அரக்குத் தட்டு பள்ளம் எல்.பி பள்ளத்தை விட கிட்டத்தட்ட மூணு மடங்கு அகலம், எல்.பி பள்ளமோ ஒரு தலைமுடி கனத்துக்குள்ள அடங்கிரும். அவ்வளவு ஒடுக்கமான எடத்துல முள்ளு ஓடணும்னா, அழுக்கு போச்சான்னு பாத்தா மட்டும் பத்தாது, துடைச்ச சாமான் உள்ள எதை விட்டுட்டுப் போச்சுங்கிறதுதான் பெரிய விசயம்.

தண்ணியில இருந்தே ஆரம்பிக்கேன். தாமிரபரணி தண்ணி வார குழாய் தண்ணியையும், திசையன்விளை, ராதாபுரம் பக்கத்து போர் தண்ணியையும் ரெண்டு தட்டுல ஊத்தி அப்படியே காயவிட்டேன். ஆத்துத் தண்ணி தட்டுல லேசா கறை, போர் தண்ணி தட்டுல வாளி விளிம்புலயும் ஹீட்டர் கம்பியிலயும் படியுமே அந்த வெள்ளை உப்பு, பொட்டு பொட்டா. அந்த உப்பு பள்ளத்துக்குள்ளயும் அப்படித்தான் உக்காந்துக்கிடுது, முள்ளு அதுல ஏறி ஏறி எறங்கும்போது டிக் டிக்னு கேக்குது, பழைய தட்டுன்னா இரையத்தான் செய்யும்னு நாம நெனைச்சுக்கிடுவோம், ஆனா அந்த இரைச்சல் நாம கழுவி வச்சது. இதுக்குப் போட்டி பேட்டரிக்கு ஊத்துத டிஸ்டில்டு வாட்டர். பேட்டரி கடையில கேன்ல கெடைக்கும், காஞ்சா ஒண்ணும் மிச்சம் விடாது. ஆனா அதே கடையில ஆசிட்டும் இருக்கும், அதனால சீல் உடைக்காத, மேல தெளிவா பேர் போட்ட கேன்தான் வாங்கணும், சில்லறையா பாட்டில்ல ஊத்தித் தந்தா வாங்காதீங்க. எங்கிட்ட இருக்குற எல்லாத் தட்டுக்கும் நான் இதைத்தான் வச்சிருக்கேன்.

சோப்பு வகையில சண்டை பெருசு. பாத்திரம் விளக்குற கட்டி சோப்பு வேண்டவே வேண்டாம், அதுல நைசா அரைச்ச கல்லுத்தூள் இருக்கு, சட்டிக்கு அது நல்லது, தட்டுக்கு உப்புத்தாள் போட்ட மாதிரி. குத்துவிளக்கு பளபளங்கட்டும்னு திருநீறு போட்டு தேய்ப்போம்லா, அந்த நெனைப்புல ஒருத்தர் தட்டுக்கும் திருநீறு சொன்னாரு, இன்னொருத்தர் பல் பேஸ்ட் சொன்னாரு, ரெண்டும் இதே கதைதான். துணி துவைக்கிற பவுடர் முழுசா கரையாம குருணையா நிக்கும். பூந்திக்கொட்டை நுரை மெதுவானதுதான், பட்டுச் சேலைக்கு நானே சொல்லுவேன், ஆனா எத்தனை தடவ வடிகட்டுனாலும் ஒரு பழுப்புச் சாறு கூடவே வருது. பாத்திரம் விளக்குற லிக்விடு ஒரு சொட்டுன்னா மோசமில்ல, அதுல கலரும் வாசனையும் சேத்திருக்காங்க, அது படியும், அதனால கலரும் வாசனையும் இல்லாதது கெடைச்சா ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டருக்கு ரெண்டே சொட்டு, அதுக்கு மேல போனா கழுவி எடுக்கதுக்குள்ள கை வலிச்சிரும். அதை விட நல்லது பழைய போட்டோ ஸ்டுடியோக்காரங்க பிலிம் கழுவி முடிச்சு கடைசியா முக்கி எடுப்பாங்கல்லா, அந்த வெட்டிங் ஏஜென்ட், தண்ணி பொட்டு பொட்டா நிக்காம பரவி ஓட வைக்கிற சாமான். அதுல ஒண்ணான கோடாக் போட்டோ ஃப்ளோ பிலிமுக்கே 200 பங்கு தண்ணிக்கு 1 பங்குதான், தட்டுக்கும் அதுக்கு மேல வேண்டாம். அமெரிக்காவுல லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல சொல்லுத முறையும் கிட்டத்தட்ட இதே வழிதான், சுத்தமான தண்ணில டெர்ஜிடால்ங்கிற நுரைப்பொருளை துளியூண்டு கலந்துக்கிடுதாங்க.

இனி ஸ்பிரிட்டு. இதுலதான் நான் கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா எனக்கு ஒரு தட்டு போனது இதுலதான். சித்தி மகன் ஆசையா உதவி பண்ணுதேன்னு கொரோனா காலத்துல வாங்கி மிச்சம் கெடந்த சானிடைசரை பஞ்சுல நனைச்சு ஒரு 78 தட்டை துடைச்சிட்டான். வீட்டுல யாரும் பாக்கல. பஞ்சு கறுத்துப் போயிருந்துச்சு, அழுக்கு வருதுன்னு சந்தோசமா இன்னும் அழுத்தித் துடைச்சிருக்கான். வந்தது அழுக்கில்ல, தட்டு. மரவேலை செய்யுத ஆசாரி கிட்ட கேட்டா உடனே சொல்லுவாரு, அரக்கை ஸ்பிரிட்ல ஊறப்போட்டுத்தான் அவுக கதவுக்கும் கட்டிலுக்கும் பாலிஷே செய்யுதாவ. அதே அரக்கு, அதே ஸ்பிரிட். துடைச்ச எடம் மங்கி, பள்ளத்து விளிம்பு கரைஞ்சு, இப்ப அந்தப் பக்கம் போட்டா அடை மழை மாதிரி சத்தம், அதுக்கு அடியில எங்கயோ நாயனம் கேக்குது. அதை நெனைச்சா எனக்கு இன்னைக்கும் மனசு ஆறல.

வினைலுக்கு கதை வேற. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ங்கிற ஸ்பிரிட் வகை பிவிசியை கரைக்காது, சொந்தமா கலக்குறவங்க நாலுல ஒரு பங்குக்கு மேல போகாம டிஸ்டில்டு வாட்டர்ல சேத்து, ஊறவிடாம, உடனே கழுவுதாங்க. கைரேகை எண்ணெய்க்கு அது நல்லாவே கேக்கும். ஆனா சானிடைசர் வினைலுக்கும் ஆகாது. உலக சுகாதார நிறுவனம் குடுத்த கலவையிலேயே கை காயாம இருக்க 1.45 சதவீதம் கிளிசரால் இருக்கு, ஜெல் வகைன்னா கெட்டியாக்குத பொருளும் சேரும். ஆல்கஹால் ஆவியாகிப் போயிரும், பிசுபிசுப்பு பள்ளத்துல தங்கிரும். கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரேயும் அதே வரிசைதான், கலர், வாசனை, சிலதுல அம்மோனியா, கண்ணாடிக்கு செஞ்சது கண்ணாடியோட இருக்கட்டும். நெயில் பாலிஷ் ரிமூவரும் தின்னரும் எந்தத் தட்டுக்கும் பக்கத்துலயே வரக்கூடாது, அசிட்டோன் பட்டா பிவிசியே இளகிரும், அரக்கையும் அது விட்டு வைக்காது.

எண்ணெய் பத்தி சொல்லும்போது எங்க அத்தை முகம்தான் வருது. “உங்க மாமா கொடைக்கு முந்தின நாளு ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு துடைப்பாவ, அப்பத்தான் பாட்டு இழையும்பாவ”ன்னு சொன்னா. மாமா தட்டை கண்ணு மாதிரி வச்சிருந்த மனுசன், விளிம்பை மட்டும்தான் புடிப்பாவ, அவுக கையில இருந்த வழி அது. எண்ணெய் தடவின அன்னைக்கு தட்டு கறுகறுன்னு மின்னும், சத்தமும் கொஞ்சம் அடங்குன மாதிரி இருக்கும், அதான் ஆளை ஏமாத்துது. கொடை நடக்குற எடத்துல புழுதிக்கு என்ன பஞ்சம், அந்தப் புழுதி எண்ணெயில ஒட்டி குழைஞ்சு பள்ளத்துக்குள்ள அரைப்பு மாதிரி ஆயிரும், அதுக்கு மேல இரும்பு முள்ளு ஓடும்போது அதுவே அராவுது. வருசம் போகப் போக எண்ணெய் சிக்கு அடிச்சு, புழுதியோட சேந்து பிசுக்காயிரும். தென்காசி பக்கம் மார்கழிக் காலைல பாட்டில்ல எண்ணெய் உறைஞ்சு நிக்கிறதைப் பாத்திருப்பீங்க, பள்ளத்துக்குள்ளயும் அப்படித்தான். மண்ணெண்ணெய் இதுக்கு மாத்துன்னு ரேடியோ ரிப்பேர் பாத்தவரு ஒருத்தர் சொன்னாரு. போட்டுப் பாத்தேன், பிசுக்கு நல்லாவே கழண்டுச்சு, ஆனா அதுவும் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுட்டுத்தான் போச்சு, நடு லேபிள் காகிதத்துல கறை ஏறிருச்சு, வாடை இன்னும் போகல, தீப்பிடிக்கிற சாமான் வேற. துருப்பிடிச்ச ஆணிக்கு அடிக்கிற ஸ்ப்ரேயும் இந்தக் கூட்டம்தான். எண்ணெய் ஏறின தட்டை நான் மீட்டது சோப்புத் தண்ணி மூணு தடவ, வெறும் டிஸ்டில்டு வாட்டர் ரெண்டு தடவ, பொறுமையா, வேற குறுக்கு வழி எனக்கு அமையல.

மரப்பசை வழியும் இருக்கு, வெள்ளைப் பசையை தட்டு முழுக்கப் பரப்பி காயவிட்டு தோலு மாதிரி உரிச்சு எடுக்குறது. வினைல்ல நல்லா கனமா பூசி, முழுசா காஞ்சு, ஒரே உரியா வந்தா அழுக்கு அப்படியே வருது, நான் பாத்தேன், அதிசயமாத்தான் இருந்துச்சு. ஆனா ஐப்பசி அடைமழைல அது ஒருநாள் முழுக்க வச்சும் காயல, அவசரப்பட்டு உரிச்சேன், பிஞ்சு துணுக்கு துணுக்கா பள்ளத்துல மாட்டிக்கிடுச்சு. அரக்குத் தட்டுல இதை நெனைச்சே பாக்கக்கூடாது.

அரக்குத் தட்டுக்கு தண்ணியும் அளவாத்தான். முக்கி ஊறப்போடக்கூடாது, ஈரத்துணியால வரியோட போக்குலயே வட்டமா துடைச்சு உடனே ஒத்தி எடுக்கணும், விரிசல் இருந்தா அந்தப் பக்கமே ஈரம் போகக்கூடாது, சில தட்டு நடுவுல காகிதம் வச்சு அடிச்சது, ஊறினா உப்பிரும். துணின்னா பழைய வேட்டி மெதுவா இருக்கும்தான், ஆனா நூலு விடுது, கண்ணாடி துடைக்கிற மைக்ரோஃபைபர் துணி தேவலை. வினைலை காஞ்ச துணியால பரபரன்னு தேய்ச்சா கரண்டு ஏறி, புழுதியை அதுவே இழுத்துக்கிடும். பூஞ்சை புடிச்சதை வீட்டுக்குள்ள தட்டாதீங்க, வெளித் திண்ணையில வச்சு மூக்கை மூடிக்கிட்டு மெல்லிசு பிரஷ்ஷால எடுங்க.

கழுவிட்டு மொட்டை மாடில காயப் போடுறது நம்ம ஊரு வெயிலுக்கு பெரிய தப்பு. வத்தல் காயுத எடத்துல எல்.பி வச்சா அப்பளம் மாதிரி நெளிஞ்சிரும், நிமித்துறது லேசுல ஆகாது. வீட்டுக்குள்ள நிழல்ல, தட்டு அடுக்குற ஸ்டாண்டுல நெட்டுக்குத்தலா நிறுத்தி வச்சாலே போதும்.

காஞ்ச பொறவு பழைய காகித உறைக்குள்ளயே திருப்பிப் போட்டா அந்த பூஞ்சையும் புழுதியும் மறுபடி ஏறிரும். மெத்து மெத்துன்னு இருக்குற பிவிசி கவரும் வேண்டாம், அது நாள்பட தட்டுல ஒட்டி கறை போடும், பாலித்தீன் உள்ளுறை வாங்கிக்கிடுங்க. மாமாவோட பழைய உறைகளை நான் தூரப் போடல. எது விடியக்காலைல போடணும், எது சாமியாட்டம் முடிஞ்சு போடணும்னு ஒவ்வொண்ணுலயும் நீல மையில எழுதி வச்சிருக்காவ, அதை மட்டும் தனியா அடுக்கி, புழுதி தட்டி, வேற பெட்டில வச்சிருக்கேன்.